நாற்பத்தொன்று நாட் அவுட்டும் ஒரு காதுகுத்தும்

மாநில அணிக்கு நான் ஆறு வருடம் பேட் பிடித்தேன். இதை முதல் வரியிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் என்னைப் பார்த்த யாரும் நம்புவதில்லை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். வாடிப்பட்டிப் பக்கம் ஊரார் ஆடு மேய்த்தவன். மதுரை மில் ஒன்றில் பிட்ச்சில் பாய் விரிக்கிற வேலைக்காக உள்ளே போனவன். இம்மூன்றும் சேர்ந்த இன்னொரு ஆள் மாநிலத்துக்கு ஆடியிருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள், என் பேட்டை அவர் காலடியில் வைத்துவிடுகிறேன். இருபது வருடமாக இப்படிச் சொல்லிவருகிறேன். பேட் இன்னும் என் வீட்டுப் பரணில்தான் இருக்கிறது.

பாய் விரிப்பது என்றால் என்னவென்று இந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியாது. அன்றைக்கு மதுரையில் பெரும்பாலும் பாய் பிட்ச்தான். இறுகின மண்ணின் மேல் தேங்காய்நார்ப் பாயை விரித்து, நாலு பக்கமும் இழுத்துப் பிடித்து, விரல் தடிமனுக்கு ஆணி அடிக்க வேண்டும். விறைப்பாக அடித்தால் பந்து நெஞ்சுக்கு எழும்பும். கொஞ்சம் தொய்வாக விட்டால் திரும்பும். மில் அணியில் காலேஜ் முடித்த ஆபீஸர்கள் ஆடினார்கள். பந்து ஏன் இன்றைக்கு இப்படி வருகிறது என்று அவர்கள் இங்கிலீஷில் விவாதம் பண்ணுவார்கள். நான் ஓரத்தில் சுத்தியலோடு நிற்பேன். ஆணி அடித்தவனுக்குத் தெரியாதா? ஒருநாள் ஒரு ஆள் குறைந்தது. "நீ போய் சும்மா நில்லுப்பா" என்று பேட்டைக் கையில் கொடுத்தார்கள். நின்றேன். சாயங்காலம் வரை நின்றேன். அடுத்த வாரம் பாய் விரிக்க வேறு ஆள் தேடினார்கள்.

அங்கிருந்து மாவட்ட அணி, பிறகு எழுபதுகளின் கடைசியில் மாநில அணி. எனக்கு அப்போது இருபத்தாறு வயது. முதல் ஆட்டம் சென்னையில், பாய் இல்லாத மண் பிட்ச்சில். அங்கே செய்த காரியத்தை நானே சொல்லிவிடுகிறேன், பிறர் சொல்லக் கேட்பதைவிட அது மேல். பாயின் மேல் பேட் நுனியால் கோடு கீற முடியாது என்பதால், ஸ்டம்புக்கு நேராக நிற்கும் இடத்தை நாங்கள் சாக்பீஸால் குறித்துக்கொள்வோம். பழக்கம். சென்னையிலும் நான் பையிலிருந்து சாக்பீஸை எடுத்துக் குனிந்துவிட்டேன். அம்பயர் என் அருகே வந்து, "என்னப்பா, பாடம் நடத்தப் போறியா?" என்றார். சிரிப்புச் சத்தம் அடங்குமுன் நான் அவுட். அந்த ஆட்டமும் அடுத்த ஆட்டமும் சேர்த்து, நாலு இன்னிங்ஸில் பத்தொன்பது ரன். மண் பிட்ச்சில் பந்து முழங்காலுக்கு மேல் வருவதில்லை. நானோ நெஞ்சுக்கு வரும் என்று காத்திருந்தேன். குறை என்னிடம் இல்லை என்று இப்போதும் சொல்வேன். பந்துதான் தாழ்ந்து போனது.

மூன்றாவது ஆட்டம் மதுரைக்கு வந்தது, மாநில ஆட்டம் என்பதால் இங்கேயும் மண் பிட்ச்தான். சொந்த ஊர்க்காரன் என்பதற்காக இன்னொரு தடவை சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் கேப்டன் சென்னைக்காரர், வளைத்துப் பேசத் தெரியாதவர். ஆட்டத்துக்கு முந்தின நாள் என்னைத் தனியாக அழைத்து, "இதுல ரன் வரலைன்னா அடுத்த செலக்‌ஷன் மீட்டிங்ல உனக்காக நான் வாயைத் திறக்க முடியாது" என்று சொல்லிவிட்டார்.

மூன்று நாள் ஆட்டம். இரண்டாம் நாள் மத்தியானம் என் முறை வந்தது. இரண்டு மாதமாகத் தாழ்ந்த பந்துக்கென்றே பயிற்சி செய்திருந்தேன். பொழுது சாயும்போது எங்கள் அணியில் ஆறு பேர் அவுட், நான் நாற்பத்தொன்று நாட் அவுட். மறுநாள் காலை பத்து மணிக்கு நான் தொடர வேண்டும். இன்னும் ஒரு அறுபது எடுத்தால் என்னை எவனும் அசைக்க முடியாது. இல்லையென்றால் திரும்பவும் சுத்தியல்தான்.

காலில் கட்டிய பேடைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வேலிக்கு வெளியே என் அக்கா புருசன் நின்றார்.

"மாப்ள, காலையில ஆறு மணிக்கு உன் மடி வேணும்" என்றார், சௌக்கியமா என்றுகூடக் கேட்காமல்.

அக்காவுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம் கழித்துப் பிறந்த பெண் குழந்தை. அலங்காநல்லூருக்கு அந்தப் பக்கம், கண்மாய்க்கரையில் மச்சானுடைய குலசாமி கோயில். அங்கே மொட்டை போட்டுக் காது குத்துவதென்று மூன்று மாதத்துக்கு முன்னாலேயே நாள் குறித்தாகிவிட்டது. கிரிக்கெட்டுக்கு நாள் குறித்தவர்கள் எங்கள் சாமியைக் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவார்கள். எங்களுக்கு அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கூடப் பிறந்தது நான் ஒருவன்தான். அக்காவுக்குப் பிறந்த வீடு என்று ஒன்று இருந்தால், அது என் மடிதான்.

"மச்சான், பத்து மணிக்கு நான் இங்க கிரீஸ்ல நிக்கணும்."

"நில்லு. வேணாங்கல. ஆறுக்கு மொட்ட, ஆறரைக்குக் கெடா, ஏழுக்குக் காது. எட்டுக்கு நீ கெளம்பிரலாம். பந்திக்குக்கூட இருக்க வேணாம். எம்புட்டு விட்டுக்கொடுத்திருக்கேன் பாரு!"

"லேட்டாச்சுன்னா?"

"ஒரு நிமிசம் ஆகாது. உனக்காகவே எல்லாத்தையும் முன்கூட்டியே சரிபண்ணி வச்சிருக்கேன். நீ வந்து உக்காந்து எந்திரிச்சாப் போதும்."

கேப்டனிடம் போய்ச் சொன்னேன்.

"உன் மடியிலதான் குத்தணுமா? வேற மடி கிடைக்காதா?"

"கிடைக்காது சார். அது கடையில விக்கிற சாமான் இல்ல."

"சரி, போயிட்டு வா. பத்து மணிக்கு நீ உள்ள இல்லைன்னா அம்பயர் உன்னை அவுட்டுன்னு சொல்லிடுவார். அதுக்கப்புறம் நானும் சொல்லிடுவேன். அம்பயர் சொல்றது ஒரு இன்னிங்ஸுக்கு. நான் சொல்றது மொத்தத்துக்கும்."

மில்லில் என்னோடு வேலை பார்த்த ஃபிட்டர் ஒருவனிடம் மோட்டார் பைக் இருந்தது. என்னை அண்ணே அண்ணே என்று சுற்றிவருவான். "கோயில்லருந்து பத்தே நிமிசத்துல கிரவுண்டுல எறக்குறேண்ணே" என்றான். "இருபது கிலோமீட்டர்டா" என்றேன். "அப்படியா? அப்ப பன்னெண்டு நிமிசம்."

நேரத்தை மிச்சம் பண்ணுவதற்காக நான் வெள்ளைப் பேண்ட், வெள்ளைச் சட்டை, அதாவது விளையாடுகிற உடுப்பிலேயே கோயிலுக்குப் போனேன். ஆறு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போதே போய் இறங்கிவிட்டோம். கண்மாய்க்கரை முழுக்கச் சொந்தபந்தம். தை மாதத்துப் பனி. குழந்தையை மடியில் வாங்கி உட்கார்ந்தேன். சவரத்தொழிலாளி கெட்டிக்காரர், குழந்தை அழ ஆரம்பித்து முடிப்பதற்குள் பாதித் தலையை முடித்துவிட்டார். அதன் பூ முடி அவ்வளவும் என் காலருக்குள் விழுந்தது. மணி ஆறு இருபத்தைந்து. மச்சானைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

அடுத்தது கிடாய். எங்கள் பக்கத்தில் கிடாயைச் சும்மா வெட்டிவிட மாட்டார்கள். மாலை போட்டு நிறுத்தி, மேலே மஞ்சள்தண்ணி தெளிப்பார்கள். ஆடு உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டதாக அர்த்தம். அதுவரை அரிவாளில் யாரும் கை வைக்கக் கூடாது. மச்சான் வீட்டு வழக்கத்தில் இன்னொன்றும் உண்டு: உத்தரவு வராமல் குழந்தையின் காதுக்குப் பக்கத்தில் ஊசியைக் கொண்டுபோகக் கூடாது.

பூசாரி தண்ணீர் தெளித்தார். ஆடு நின்றது. ஒரு சொம்பு ஊற்றினார். ஆடு நின்றது. இன்னொரு சொம்பு. அது ரேசன் கடைக்காரர் கூட்டத்தைப் பார்ப்பது மாதிரி எங்களை ஒரு பார்வை பார்த்துவிட்டு அசை போட ஆரம்பித்தது.

ஏழு மணி. ஏழரை மணி. காது குத்துகிற ஆசாரி ஊசியைத் துணியில் மடித்து வைத்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டார்.

"யாருக்கு என்ன கொறை? மனசுல வச்சுக்காமச் சொல்லிருங்கப்பா" என்றார் பூசாரி.

தனக்கு வெற்றிலை பாக்கு வைத்து முறையாக அழைக்கவில்லை என்று மச்சானின் பெரியம்மா ஒருத்தி முன்னால் வந்தாள். அவசரமாக ஒரு தட்டு வைத்து அழைத்தார்கள். ஆடு அசையவில்லை. கூட்டத்தில் ஒரு பெரியவர் என்னை நோக்கிக் கையை நீட்டினார்.

"கெடாயிட்ட ஒண்ணும் இல்லய்யா. இந்தா, தாய்மாமனப் பாருங்க. வந்ததுல இருந்து நூறு தடவ கடியாரத்தப் பாத்துட்டாரு. மனசு கோயில்லயா இருக்கு? டவுன்ல பந்து வெளாட்டுல கெடக்கு. சாமிக்குத் தெரியாதாக்கும்?"

"அதான், அதான்" என்றது கூட்டம். கைக்கடிகாரத்தைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றி ஃபிட்டரிடம் கொடுத்தேன். அவன் விவரமானவன். எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை இருமினான். எட்டு மணிக்கு இரண்டு இருமல் சேர்த்து இருமினான்.

எட்டே கால் ஆகியிருக்கும். அக்கா மொட்டைக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என் அருகே வந்தாள்.

"தம்பி, நீ கெளம்புய்யா. உன் பொழப்பக் கெடுத்துக்காத. மடிக்கு இவுக சித்தப்பா யாரையாச்சும்…"

முடிக்கவில்லை. அதற்குள் மச்சான் வீட்டுப் பெண்கள் நாலு பேர் ஒரே சமயத்தில் அக்காவைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையோடு அவள் இன்னும் ஐம்பது வருடம் அந்த வீட்டில் வாழ வேண்டும்.

"நான் குத்திட்டுத்தான் போவேன். நீ போய் ஒக்காருக்கா" என்றேன். நாற்பத்தொன்று நாட் அவுட் அங்கே பெவிலியனில் தனியாக உட்கார்ந்திருந்தது.

அப்போதுதான் ஆட்டின் பக்கத்தில் போனேன். ஒன்பது வருடம் ஆடு மேய்த்தவன் நான். ஆட்டைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மேல் முடியை விலக்கி விரலை விட்டேன். அடித்தோல் வரை சில்லென்று ஊறிப் போயிருந்தது. இரண்டு சொம்புத் தண்ணியில் இப்படி ஊறாது. மச்சானை ஆலமரத்துக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன்.

"மச்சான், உண்மையச் சொல்லுங்க. இந்த ஆட்டுக்கு எத்தன தடவ தண்ணி ஊத்துனீங்க?"

"இப்பத்தான மாப்ள, பூசாரி…"

"அதுக்கு முன்னால?"

மச்சான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "கோவிச்சுக்கிராத. உனக்கு நேரமாயிரக் கூடாதேன்னு நாலு நாளாவே லேசா ஊத்தி ஊத்திப் பழக்குனேன். மொத நாளு பாக்கணுமே நீ! ஒரு கை தண்ணிக்கே அம்புட்டுச் சிலுப்புச் சிலுப்புச்சு. ரெண்டாம் நாளும் நல்லாத்தான் சிலுப்புச்சு. நேத்துத்தான் கொஞ்சம் டல்லு. அதான் சந்தேகத்துக்கு இன்னிக்கி விடியக்காலம் ரெண்டு கொடம்…"

"நெட் பிராக்டிஸ் குடுத்திருக்கீங்க."

"ஆங்! அதேதான் மாப்ள" என்றார், நான் பாராட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டு.

கோபப்பட நேரமில்லை. யோசித்தேன். நாலு நாளாக ஒரே மாதிரிப் பந்தைச் சந்தித்து நன்றாகக் கண் பழகிப்போன ஆட்டக்காரன் அது. முதுகில் எவ்வளவு ஊற்றினாலும் தட்டிவிட்டு நிற்கும். அதை எடுக்க வேண்டுமென்றால் அது இதுவரை பார்க்காத பந்து ஒன்று போட வேண்டும்.

பூசாரியிடம் போனேன். "தாய்மாமன் ஒரு தடவ தெளிக்கலாமா சாமி?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "மனசு இப்ப இங்க இருக்கா?"

"முழுசா இங்கதான் இருக்கு."

அதில் ஒரு பொய்யும் இல்லை. வலது உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் எடுத்துக்கொண்டேன். ஆட்டுக்கு இடப்பக்கம் ஒரு முழத் தூரத்தில் நின்றேன். வேண்டிக்கொள்கிற மாதிரிக் கண்ணைப் பாதி மூடி, அது காதைத் திருப்புகிற நேரத்துக்குக் காத்திருந்து, மணிக்கட்டை ஒரு சுண்டு சுண்டினேன். ஒரே ஒரு துளி, நேராகக் காதுக்குள்ளே.

ஆடு தலையிலிருந்து வால் வரைக்கும் சிலுப்பியது. நாலு நாள் தண்ணியையும் சேர்த்துச் சிலுப்பியது. முன்வரிசையில் நின்ற பதினைந்து பேர் மஞ்சளாக நனைந்தார்கள். பெண்கள் குலவை போட்டார்கள். "உத்தரவாயிருச்சு!" என்று கத்தினார் அந்தப் பெரியவர். "நான் சொன்னேன்ல? மாமன் மனசு வந்துச்சு, சாமி உத்தரவு வந்துச்சு!"

பூசாரி என் நெற்றியில் திருநீறு பூசக் கிட்டே வந்தார். உதட்டை அசைக்காமல், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "மணிக்கட்டு நல்லா வேலை செய்யிதுய்யா" என்றார். எத்தனையோ பேர் என் ஆட்டத்தைப் பாராட்டியிருக்கிறார்கள். அத்தனை நுணுக்கமாகப் பார்த்துச் சொன்னவர் வேறு யாரும் இல்லை.

பிறகு எல்லாம் வேகம். மடியில் குழந்தை, நெஞ்சில் சந்தனம், ஆசாரியின் ஊசி இடது காதில், வலது காதில். இரண்டாவது காதுக்குக் குழந்தை என் பேண்டை நனைத்துவிட்டது. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். அந்த நாலு பெண்களும் இப்போது பூவைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார்கள். ஃபிட்டர் இருமுவதை விட்டுவிட்டு, "ஒம்போது பத்துண்ணே!" என்று வாய்விட்டே கத்தினான்.

அப்போது அறுவடைக் காலம். ரோட்டில் அங்கங்கே வைக்கோலைப் பரப்பி, போகிற வண்டி மிதித்துப் போகட்டும் என்று விட்டிருந்தார்கள். வைக்கோல் மேல் பைக் மீன் மாதிரி நழுவியது. "மெதுவாடா" என்றேன். "மெதுவாப் போனா விழுந்துருவோம்ணே" என்றான். வைகைப் பாலத்தில் மாட்டுவண்டி வரிசை. ஒரு வண்டிக்காரர் எங்கள் கோலத்தைப் பார்த்துவிட்டு, யாருக்கோ பிரசவ வலி என்று நினைத்தாரோ என்னவோ, தானாகவே ஒதுங்கி வழிவிட்டார்.

மைதானத்துக்குள் நுழைந்தபோது அம்பயர்கள் இருவரும் பிட்ச்சை நோக்கி நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். எனக்கு அடுத்து ஆட வேண்டியவன் பேட் கட்டி எழுந்து நின்றுவிட்டான். கேப்டன் என்னைப் பார்த்தார். நெற்றியில் திருநீறு, நெஞ்சில் சந்தனம், சட்டையெல்லாம் மஞ்சள் புள்ளி, தொடையில் ஈரம்.

"என்னய்யா இது?"

"காதுகுத்து சார்."

"அது தெரியுது. பேடைக் கட்டு!"

இரண்டு பேர் இரண்டு காலில் பேட் கட்டினார்கள். க்ளவுஸைப் போட்டுக்கொண்டே ஓடினேன். கிரீஸில் போய் நின்றபோதுதான் இன்னொரு தொந்தரவு தெரிந்தது. காலருக்குள் விழுந்த குழந்தை முடி வேர்வையில் ஒட்டிக்கொண்டு முதுகு முழுக்க அரிக்க ஆரம்பித்துவிட்டது. க்ளவுஸ் போட்ட கையால் முதுகைச் சொறிய முடியுமா? ஒவ்வொரு பந்துக்கும் நடுவில் தோளைக் குலுக்கினேன். பிறகு இடுப்போடு சேர்த்துக் குலுக்கினேன். ஃபிட்டர் அதற்குள் மில் ஆட்கள் உட்கார்ந்திருந்த பக்கம் போய் ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டான் போலிருக்கிறது. நான் முதல் தடவை பெரிதாகச் சிலுப்பியதும் அங்கிருந்து குலவைச் சத்தம் வந்தது. இருநூறு ஆம்பிளைகள் போட்ட குலவை.

"அண்ணே, உத்தரவு குடுத்தாச்சு! அடிங்கண்ணே!"

எதிரணியின் வேகப் பந்துவீச்சாளருக்கு இது ஒன்றும் விளங்கவில்லை. தன்னைக் கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டார். கோபத்தில் பந்தைக் குத்தி எழுப்பினார். நெஞ்சுக்கு வந்தது. நான் பிறந்ததிலிருந்து காத்திருந்த பந்து அதுதான்! கட் பண்ணினேன். பாய் பிட்ச்சில் வளர்ந்தவனுக்கு நெஞ்சு உயரத்தில் பந்து போடுவது, பசித்தவனுக்கு இலை போடுவது மாதிரி. அவர் போட்டார், நான் சாப்பிட்டேன். பயப்படவோ, ஐம்பது வந்ததா அறுபது வந்ததா என்று எண்ணவோ எனக்கு நேரமில்லை. அரிப்பே பெரிய வேலையாக இருந்தது. மத்தியான இடைவேளைக்கு வரும்போது தொண்ணூற்றாறு.

சட்டையை மாற்றப் போனேன். கேப்டன் கையைப் பிடித்துக்கொண்டார். "அதை மட்டும் கழட்டாதே." இங்கிலீஷ் படித்தவர்தான், ராசியை விடவில்லை. அரிப்போடேயே சாப்பிட்டேன்.

இடைவேளை முடிந்த இரண்டாவது ஓவரில் நூறு வந்தது. நூற்றுப் பதினெட்டில் அவுட்டானேன், அதுவும் எல்லைக்கோட்டில் ஓடிவந்து பிடித்த கேட்சில். ஆட்டம் டிராவில் முடிந்தாலும் முதல் இன்னிங்ஸில் நாங்கள் முன்னிலை பெற்றுவிட்டோம்; அடுத்த சுற்றுக்கு அது போதும்.

சாயங்காலம் மச்சான் இரண்டு தூக்குவாளி நிறையக் கறிக்குழம்போடு வந்து இறங்கினார். "மாப்ள பந்திக்கு இருக்கல, அதான் பந்தியக் கொண்டாந்துட்டேன்" என்று பெவிலியனிலேயே இலை விரித்தார். சென்னைக்காரர்கள் கண்ணில் தண்ணீர் வழியச் சாப்பிட்டார்கள். கேப்டன் எலும்பைக் கடித்துக்கொண்டே, ஏதோ மறந்துபோன விஷயம் மாதிரிச் சொன்னார்:

"அடுத்த மேட்ச் வடக்கே. நீ வர்ற. அங்க இப்ப குளிர் பயங்கரம். நல்ல ஸ்வெட்டரா ஒண்ணு எடுத்துக்கோ."

"சரி சார்" என்றேன், வீட்டில் நாலு ஸ்வெட்டர் தொங்குகிறவன் மாதிரி. கை கழுவுகிற சாக்கில் வெளியே வந்து ஃபிட்டரைப் பிடித்தேன்.

"டேய், மதுரையில ஸ்வெட்டர் எங்கடா விக்கிது?"

அவன் வானத்தைப் பார்த்தான். அந்தப் பனிக்காலத்திலும் எங்கள் ஊர் வெயில் இறங்காமல் நின்றது.

"மதுரையிலயா? கொடைக்கானலுக்குத்தான் போகணும்ணே" என்றவன், சாவியைத் தேடிச் சட்டைப்பையைத் தடவினான். "பைக்க எடுக்கவா?"